பழைய கேக் டின்னில் வார்னிஷ் மாதிரி பிடித்த பிசுக்கு: எதைப் போட்டால் போகும்?

கோத்தகிரி அடுப்படி:

எல்லோருக்கும் வணக்கம். மூன்று வருடமாக வீட்டிலேயே கேக் செய்து கொடுத்து வருகிறேன். மற்ற மாதங்களில் வாரத்துக்கு ஒன்றோ இரண்டோ பிறந்தநாள் கேக், அவ்வளவுதான், ஆனால் டிசம்பர் வந்தால் பிளம் கேக் ஐம்பது அறுபது கேட்டுவிடுவார்கள். போன வருடம் டின் போதாமல் ராத்திரி இரண்டு மணி வரை ஒன்று ஆற ஒன்று வைத்துக் கொண்டிருந்தேன். அதனால் இந்த முறை, கடையை மூடிவிட்ட ஒரு பேக்கரிக்காரரிடமிருந்து பழைய டின், டிரே எல்லாம் சேர்த்து பதினான்கு உருப்படி மொத்தமாக வாங்கி வந்தேன். நல்ல கனமான பொருள், நெளிவு இல்லை, விலையும் குறைவு.

பிரச்சினை என்னவென்றால் எல்லாவற்றிலும் மூலையிலும் மேல் விளிம்பிலும் பழுப்பாக, சில இடத்தில் கருப்பாக, வார்னிஷ் அடித்துக் காய்ந்த மாதிரி ஒரு பிசுக்கு. நகத்தால் சுரண்டினால் வருவதில்லை. ஒரு ராத்திரி முழுக்க பாத்திர சோப்புத் தண்ணீரில் ஊறப் போட்டேன், காலையில் கையை விட்டால் தண்ணீர் ஐஸ் மாதிரி இருந்தது, கறை அப்படியே இருந்தது. கம்பி நார் வைத்துத் தேய்த்ததில் இரண்டு டின்னில் கோடு விழுந்துவிட்டது. சோடா உப்பும் வினிகரும் ஊற்றினேன், நன்றாக நுரைத்தது, நுரை அடங்கியதும் பார்த்தால் ஒன்றும் ஆகவில்லை. கடைசியாக ஒருவர் சொன்னார் என்று ஒரு டின்னில் மட்டும் சலவை சோடா போட்டுக் கொதிக்க வைத்தேன். பிசுக்கு பாதி போய்விட்டது உண்மைதான், ஆனால் டின்னே கருத்துப் போய்விட்டது, துணியால் துடைத்தால் துணியில் சாம்பல் நிறம் ஒட்டுகிறது. பதறிப்போய் மற்றதைத் தொடவில்லை.

இதோடு என்னிடம் ஏற்கெனவே இருக்கும் ஒரு கண்ணாடி டிஷ், ஒரு நான்-ஸ்டிக் மஃபின் டிரே இரண்டிலும் இதே தொல்லை. சாப்பாட்டுப் பொருள் என்பதால் கடுமையான ரசாயனம் எதுவும் வேண்டாம், வீட்டில் இருப்பதை வைத்தே முடிக்க வேண்டும். கருத்துப்போன டின்னில் இனி கேக் செய்யலாமா? டிசம்பர் பத்தாம் தேதிக்குள் எல்லாம் தயாராக வேண்டும், தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

குன்னூர் மாடிவீடு:

நீங்கள் ஊறப்போட்டது தப்பில்லை, குளிர்ந்த தண்ணீரில் ஊறியதுதான் தப்பு. கீழே கோயம்புத்தூரில் என் அக்கா ராத்திரி ஊறப்போட்டால் காலையில் கறை இளகி இருக்கும், அதையே நான் இங்கே செய்தால் கால் மணி நேரத்தில் தண்ணீர் ஆறி, ஒரு மணி நேரத்தில் பச்சைத் தண்ணீராகிவிடும், கரைந்திருந்த நெய்யும் டால்டாவும் மறுபடி கட்டியாகி மேலே வெள்ளையாக ஒட்டிக்கொள்ளும். நம் ஊர் குளிரில் எட்டு மணி நேரம் ஊறுவதைவிட நாற்பது நிமிடம் சூடாகவே ஊறுவது மேல், இதைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு மழைக்காலம் ஆனது.

நான் செய்வது: டிரேயை அடுப்பின் மேலேயே வைத்து, கறை மூழ்கும் அளவு தண்ணீர் ஊற்றி, மிகச் சிறிய தீயில் விடுவேன். கொதிக்கக் கூடாது, ஆவி பறந்தால் போதும். அடுப்பில் உட்காராத நீள டிரே என்றால் ஓடிஜி அடுப்பை 100 டிகிரியில் வைத்து அதற்குள் சோப்புத் தண்ணீரோடு வைத்துவிடுவேன், மேலே இன்னொரு டிரேயைக் கவிழ்த்து மூடிவிட்டால் ஆவி வெளியே போகாது. சிலர் பிளாஸ்டிக் உறை போட்டு மூடச் சொல்கிறார்கள், சூட்டில் அது வேண்டாம், நம் மாவட்டத்தில் பிளாஸ்டிக் பை கிடைக்காததும் நல்லதுதான். அரை மணி நேரம் கழித்து மரக்கரண்டியின் முனையாலோ காலாவதியான ஏடிஎம் கார்டாலோ தள்ளினால் சர்க்கரைக் கறை தோல் உரிவது போல் வரும்.

இன்னொன்று, கழுவும் முன் பிசுக்கைப் பழைய செய்தித்தாளால் துடைத்து எடுத்துவிடுங்கள். அதை அப்படியே சிங்க்கில் விட்டால் இந்தக் குளிரில் குழாய்க்குள் போய் உறைந்து அடைத்துக்கொள்ளும், எங்கள் வீட்டில் ஒரு முறை தரையை உடைத்துத்தான் சரி செய்ய வேண்டி வந்தது.

கறை இளகியதும் நான் சோடா உப்பு தூவி மேலே கொஞ்சம் வினிகரும் ஊற்றுவேன், உங்களுக்கு ஏன் வேலை செய்யவில்லை என்று தெரியவில்லை.

அருவங்காடு டீச்சர்:

நான் முப்பது வருடம் வேதியியல் எடுத்தவள், வீட்டில் கேக்கும் செய்கிறவள், அதனால் இதற்குக் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் உங்கள் டின் என்ன உலோகம் என்று பாருங்கள், மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான். ஃப்ரிட்ஜில் ஒட்டும் காந்தம் ஒன்றை எடுத்து ஒவ்வொன்றிலும் வைத்துப் பாருங்கள். ஒட்டினால் இரும்புத் தகடு, பெரும்பாலும் மேலே வெள்ளீயப் பூச்சு இருக்கும். ஒட்டாமல், கையில் எடுத்தால் பெரிய பாத்திரமே லேசாக இருந்தால் அலுமினியம். ஒட்டவும் இல்லை, கனமாகவும் இருக்கிறது என்றால் எவர்சில்வர், அதில் சில வகை காந்தத்தில் ஒட்டாது. அலுமினியத்தின் எடை இரும்பில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான், அதனால் கையே சொல்லிவிடும். ஆனால் தடிமனான பேக்கரி அலுமினியம் சில நேரம் ஏமாற்றும், நீங்கள் கனம் என்று சொல்வது அப்படித்தான் இருக்க வேண்டும், ஏனென்றால் சலவை சோடாவில் கருத்துப்போகிறது என்றால் அது அலுமினியமேதான்.

ஏன் கருத்தது என்றால், அலுமினியத்தின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஆக்சைடு படலம் ஒன்று எப்போதும் இருக்கும், அதுதான் உலோகத்துக்குக் காவல். சலவை சோடா வலுவான காரம், அது சூடாக இருக்கும்போது அந்தப் படலத்தைக் கரைத்து உலோகத்தையும் அரிக்கத் தொடங்குகிறது. உற்றுப் பார்த்திருந்தால் டின்னின் பக்கங்களிலிருந்து சின்னச் சின்னக் குமிழி கிளம்பியிருக்கும், அது ஹைட்ரஜன். அந்தக் கருப்பு விஷமில்லை, பயப்பட வேண்டாம், ஆனால் கேக்கின் அடியில் சாம்பல் நிறம் ஒட்டும். அதனால் அதை எடுத்துவிட்டுத்தான் பயன்படுத்த வேண்டும். எலுமிச்சம்பழ அளவு புளியைக் கரைத்து, டின் நிறையத் தண்ணீரோடு சேர்த்துப் பதினைந்து நிமிடம் கொதிக்க விடுங்கள். பிழிந்த எலுமிச்சைத் தோல் நான்கைந்து போட்டாலும் சரி. கருப்பு விலகி வெளுப்பு வரும். பழைய பளபளப்பு முழுதாக வராது, அதனால் ஒன்றும் குறைவில்லை.

இப்போது பிசுக்கு. இரண்டும் கலந்து இருப்பதால்தான் ஒரே வழியில் போகவில்லை. ஒன்று சர்க்கரை: பிளம் கேக் என்றால் காரமெலும் பழச்சாறும் வழிந்து காய்ந்தது. இது முழுக்கக் கரியாகாத வரை வெறும் சூடான தண்ணீரிலேயே கரையும், குன்னூர் சகோதரி சொன்னது இதற்கு மிகச் சரி. இன்னொன்று எண்ணெய். மெல்லிசாகத் தடவிய எண்ணெய் அடுப்பின் சூட்டிலும் காற்றிலும் மறுபடி மறுபடி வேகும்போது அதன் மூலக்கூறுகள் ஒன்றோடு ஒன்று பின்னிக்கொண்டு கெட்டியான படலமாகிவிடும். பழைய தோசைக்கல் பழகுவதும் இதே வேலைதான், அங்கே அதை வேண்டும் என்கிறோம், இங்கே வேண்டாம் என்கிறோம். இது தண்ணீருக்கும் சாதாரண சோப்புக்கும் அசையாது, காரமும் சூடும் நேரமும் மூன்றும் சேர வேண்டும்.

எவர்சில்வர் என்றால் சலவை சோடாவே போடலாம், ஒரு லிட்டர் கொதிநீருக்கு இரண்டு மேசைக்கரண்டி, கையுறை போட்டுக்கொண்டு, முக்கால் மணி நேரம். சலவை சோடா கடையில் கிடைக்கவில்லை என்றால் சோடா உப்பை ஒரு எவர்சில்வர் தட்டில் பரப்பி 200 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்தால் அதுவே சலவை சோடாவாக மாறிவிடும், எடை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்திருக்கும். வெள்ளீயம் பூசிய தகட்டில் இவ்வளவு வலுவான காரம் வேண்டாம், பூச்சு போனால் துருதான் மிஞ்சும். அதற்கும் அலுமினியத்துக்கும் சோடா உப்பு மட்டும் போதும். மூன்று பங்கு சோடா உப்பு, ஒரு பங்கு தண்ணீர், சில சொட்டு பாத்திர சோப்பு, குழைத்துச் சூடான டின்னில் பூசி இருபது நிமிடம் வைத்து, தேங்காய் நாரால் வட்டமாகத் தேய்த்து உடனே கழுவுங்கள். அலுமினியத்தில் ராத்திரி முழுக்க வைக்காதீர்கள், இதுவும் காரம்தான், மெதுவாகக் கருக்கும். ஒரே தடவையில் போகாது. மூன்று நான்கு தடவை ஆகலாம், ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் மெலியும்.

சோடா உப்பும் வினிகரும் சேர்த்தால் என்ன ஆகிறது என்றால் காரமும் அமிலமும் ஒன்றையொன்று முடித்துவிட்டு, கார்பன் டை ஆக்சைடு நுரையாகப் போய், பாத்திரத்தில் மிஞ்சுவது சோடியம் அசிட்டேட் என்ற ஒரு சாதாரண உப்புத் தண்ணீர். நுரை வரும் அந்த ஒரு நிமிடம் உதிரித் துணுக்கு ஏதாவது கிளம்பலாம், அதற்கு மேல் ஒன்றுமில்லை. குன்னூர் சகோதரிக்குக் கறை போவது அவர் முன்னால் செய்யும் சூட்டு ஊறலால்தான், வினிகரால் இல்லை. இரண்டும் நல்ல பொருள்கள், தனித்தனி நேரத்தில் போடுங்கள்: பிசுக்குக்குச் சோடா, கழுவிய பிறகு வெள்ளை உப்புப் படிவு இருந்தால் வினிகர்.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். அவசரத்தில் யாராவது கழிவறை ஆசிட் ஊற்று, ப்ளீச்சிங் பவுடர் போடு என்பார்கள். ப்ளீச்சோடு ஆசிட்டோ வினிகரோ சேர்ந்தால் குளோரின் வாயு வரும். குளிருக்காக ஜன்னலை எல்லாம் அடைத்து வைத்திருக்கும் நம் வீட்டுச் சமையலறையில் அது உயிருக்கே ஆபத்து. சாக்கடை அடைப்புக்குப் போடும் காஸ்டிக் சோடாவும் அலுமினியத்தில் படவே கூடாது, பொங்கித் தெறிக்கும்.

வர்க்கி மாஸ்டர்:

ஊட்டியில் விறகு அடுப்பில் முப்பத்தைந்து வருடம் வர்க்கி போட்டவன் நான். தங்கச்சி, டீச்சர் சொன்னது எல்லாம் சரி, ஆனால் ஒரு விஷயம் யாரும் சொல்லவில்லை. எல்லாக் கருப்பையும் எடுக்க வேண்டும் என்று யார் சொன்னது?

எங்கள் டிரேயை நாங்கள் தண்ணீரில் போட்டதே இல்லை. அடுப்பிலிருந்து இறக்கி, சூடு தணியும் முன் மழுங்கிய தகட்டால் ஒரு இழுப்பு, கோணித் துணியால் ஒரு துடைப்பு, அவ்வளவுதான். வருடக் கணக்கில் அது கரிக்கட்டை மாதிரி கருத்துவிடும், ஆனால் தொட்டால் வழவழப்பாக, காய்ந்து, கையில் ஒட்டாமல் இருக்கும். கருத்த டிரே சூட்டை நன்றாக வாங்கும், அடி சீக்கிரம் சிவக்கும், வர்க்கிக்கு அதுதான் வேண்டும். புது டிரே வந்தால் பளபளப்பு சூட்டைத் திருப்பி அனுப்பிவிடும், முதல் சில நாள் சரக்கு வெளுத்துத்தான் இருக்கும்.

அதனால் உங்கள் டின்னைத் தொட்டுப் பாருங்கள். கல் மாதிரி கெட்டியாக, வழவழப்பாக, வாசனை இல்லாமல் இருந்தால் விட்டுவிடுங்கள், அது எடுக்க வேண்டியதே இல்லை. தொட்டால் விரல் ஒட்டுகிறது, முகர்ந்தால் சிக்கு வாடை அடிக்கிறது, அல்லது பொருக்காக உதிர்கிறது என்றால் எடுத்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் அந்த வாடை கேக்கில் ஏறும், பொருக்கு கேக்கோடு வந்துவிடும். முக்கியமாக உள்பக்க மூலை. அங்கே பிசுக்கு மேடாக இருந்தால் கேக் சதுரமாக வராது. வெளிப்பக்கம் எப்படி இருந்தாலும் கேக்குக்குத் தெரியாது.

ஆனால் பிளம் கேக் வர்க்கி மாதிரி இல்லை, ஒன்றரை மணி நேரம் மெதுவாக வேகும் பொருள், சர்க்கரையும் பழமும் அதிகம், கருத்த டின்னில் ஓரம் தீய்ந்துவிடும். கருத்த டின்னுக்குச் சூட்டைப் பத்துப் பதினைந்து டிகிரி குறைத்து வையுங்கள், உள்ளே பட்டர் பேப்பர் இரண்டு மடிப்பு போடுங்கள்.

எந்த எண்ணெய் தடவுகிறீர்கள்? சூரியகாந்தி எண்ணெய் என்றால் முதலில் அதை நிறுத்துங்கள். சீக்கிரம் பிசினாகப் பிடிப்பது அதுதான். நெய்யோ வெண்ணெயோ மாவு சேரும் இடம் வரைக்கும் மட்டும் தடவுங்கள். மாவு தொடாத மேல் விளிம்பில் தடவும் எண்ணெய்தான் சும்மா வெந்து வார்னிஷ் ஆகிறது, உங்கள் டின்னில் விளிம்பில் பிடித்திருப்பதும் அப்படி வந்ததுதான்.

காந்தம் ஒட்டும் டின்னில் துரு இருந்தால் உருளைக்கிழங்கை வெட்டிக் கல் உப்பைத் தொட்டுத் தேய்த்தால் லேசான துரு போகும். கழுவியதும் அடுப்பு அணைத்த சூட்டிலேயே பத்து நிமிடம் வைத்து உலர்த்துங்கள். வடகிழக்கு மழை கோத்தகிரிப் பக்கம்தான் நன்றாக அடிக்கும், அந்த ஈரக்காற்றில் துணியால் துடைத்தது மட்டும் போதாது, மறுநாளே துரு பூக்கும்.

கூடலூர் ஹோம்ஸ்டே:

கண்ணாடி டிஷ் பற்றி யாரும் சொல்லவில்லை, அதனால் எழுதுகிறேன். கண்ணாடிக்குச் சலவை சோடாவும் பிரச்சினை இல்லை, சோடா உப்பு விழுதும் பிரச்சினை இல்லை, கண்ணாடி அதைவிடக் கடினம், கீறாது. ஒரே ஒரு எதிரி, திடீர் குளிர். அடுப்பிலிருந்து எடுத்த டிஷ்ஷை ஈரக் கல் மேடையில் வைத்து நான் ஒன்றை இரண்டாகப் பிளந்திருக்கிறேன். மடித்த துணி மேல் வைத்து முழுக்க ஆறவிட்டு, அப்புறம் வெதுவெதுப்பான தண்ணீர், அதற்கப்புறம் சூடான தண்ணீர். அடுப்புத் தீயின் மேல் கண்ணாடியை வைக்கவே வேண்டாம், குன்னூர் அக்கா சொன்ன வழி உலோகத்துக்கு மட்டும்.

டின்னின் வெளிப்பக்கம் பழைய விலைச் சீட்டுப் பசையோ பிசுபிசு எண்ணெயோ இருந்தால் யூகலிப்டஸ் தைலம் நான்கு சொட்டு பஞ்சில் தொட்டுத் துடைத்தால் உடனே வரும். நம் வீடுகளில் சளிக்காக எப்படியும் ஒரு புட்டி இருக்கும். ஆனால் சட்டென்று தீப்பிடிக்கும் பொருள், அடுப்பு எரியும்போது பக்கத்தில் எடுக்கக் கூடாது, உள்ளுக்குள் போனால் விஷம். அதனால் கேக் படும் உள்பக்கத்தில் வேண்டாம், வெளியே துடைத்த பிறகும் சோப்பு போட்டு இரண்டு முறை கழுவி, வாசனை போகும் வரை வெயிலில் வையுங்கள்.

எங்கள் அம்மா விறகு அடுப்புச் சாம்பலைச் சலித்துப் புளியோடு தேய்ப்பார்கள், எவர்சில்வருக்கு அதை மிஞ்ச ஒன்றும் இல்லை. டீச்சர், அலுமினியத்துக்குச் சாம்பல் ஆகுமா?

அருவங்காடு டீச்சர்:

விறகுச் சாம்பலில் பொட்டாசியம் கார்பனேட் இருக்கிறது தம்பி, அது சலவை சோடாவுக்குச் சொந்தக்காரன் மாதிரிதான். ஈரச் சாம்பலை அலுமினியத்தில் பூசி வைத்தால் கருக்கும், தேய்த்து உடனே கழுவினால் அவ்வளவு தெரியாது. அம்மா புளி சேர்த்தது நல்ல யோசனை, அந்தக் காரத்தைப் புளி கொஞ்சம் அடக்கிவிடும். ஆனால் மணல் துணுக்கு இருந்தால் கீறும், நன்றாகச் சலிக்க வேண்டும்.

நான்-ஸ்டிக் டிரேக்குக் கம்பி நாரும் வேண்டாம், சாம்பலும் வேண்டாம், கடுங்காரமும் வேண்டாம். வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் அரை மணி நேரம், பிறகு சோடா உப்பை நீர்க்கக் குழைத்து மெத்தென்ற ஸ்பாஞ்சால் துடைப்பது, அவ்வளவே. குழிகளில் பூச்சு உரிந்து உலோகம் தெரிகிறதா பாருங்கள், தெரிந்தால் தேய்த்துக் காப்பாற்ற முயல வேண்டாம், அதில் இனி பிறருக்கு விற்கும் கேக் செய்யாதீர்கள்.

கோத்தகிரி அடுப்படி:

எல்லோருக்கும் நன்றி. ஆறு நாள் கழித்து எழுதுகிறேன், செய்து பார்க்காமல் எழுதக் கூடாது என்று இருந்தேன்.

காந்தம் வைத்துப் பார்த்ததில் பதினான்கில் ஒன்பது அலுமினியம், நான்கு இரும்புத் தகடு, ஒன்று மட்டும் எவர்சில்வர். கருத்துப்போன டின்னில் புளித்தண்ணீர் கொதிக்க வைத்தேன், பத்தாவது நிமிடமே நிறம் மாறுவது கண்ணுக்குத் தெரிந்தது, இப்போது வெள்ளைத் துணியால் துடைத்தாலும் ஒன்றும் ஒட்டவில்லை. அதில் மாவு மட்டும் போட்டு ஒரு சின்ன கேக் செய்து பார்த்தேன், அடி சுத்தமாக வந்தது.

மாஸ்டர் அண்ணா சொன்ன மாதிரி ஒவ்வொன்றையும் தொட்டு, முகர்ந்து பிரித்தேன். ஐந்து டின்னில் கருப்பு கல் மாதிரி இருந்தது, அதை விட்டுவிட்டேன், வீண் வேலை மிச்சம். மற்றதில் சிக்கு வாடை நன்றாகவே அடித்தது, நான் இத்தனை நாள் அதைப் பழைய சாமான் வாடை என்று நினைத்திருந்தேன். ஓடிஜிக்குள் சூடாக ஊற வைத்ததுதான் பெரிய வித்தியாசம், முதல் அரை மணி நேரத்தில் சர்க்கரைக் கறை முழுக்கக் கழன்றது, தண்ணீர் டிகாக்‌ஷன் நிறத்தில் இருந்தது. எண்ணெய்ப் படலத்துக்கு சோடா விழுது நான்கு தடவை ஆனது. மூலையில் ஏடிஎம் கார்டு போகவில்லை, மூங்கில் குச்சியின் முனையைச் சீவி அதில் துணி சுற்றித் தேய்த்தேன், நன்றாக வந்தது. இரண்டு அலுமினிய டின்னில் விளிம்பில் மெல்லிய பழுப்பு நிழல் இன்னும் இருக்கிறது, கையில் ஒட்டவில்லை, வாடையும் இல்லை, அதனால் நிறுத்திக்கொண்டேன்.

மஃபின் டிரேயில் இரண்டு குழி உரிந்திருக்கிறது. மனசுக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது, முதன்முதலாக வாங்கிய டிரே அது. எடுத்து வைத்துவிட்டேன், நாற்று போட உதவும்.

ஒரே ஒரு சந்தேகம். பிளம் கேக் வெந்ததும் டின்னைச் சூட்டோடு கழுவ முடியாது, கேக் டின்னிலேயே ஒரு ராத்திரி ஆற வேண்டும். அதற்குள் ஓரத்தில் வழிந்தது காய்ந்துவிடுமே?

வர்க்கி மாஸ்டர்:

பேப்பரை டின்னின் உயரத்துக்கு மேல் இரண்டு விரல் நிற்கிற மாதிரி வெட்டிப் போடுங்கள் தங்கச்சி, வழிவது பேப்பரோடு நின்றுவிடும். மாவையும் டின்னில் முக்கால் அளவுக்கு மேல் ஊற்றாதீர்கள். அதையும் மீறி விளிம்பில் ஏதாவது பட்டால், அடுப்பிலிருந்து எடுத்த ஐந்து நிமிடத்துக்குள் ஈரத்துணியை இடுக்கியில் பிடித்து விளிம்பை மட்டும் ஒரு சுற்று துடைத்துவிடுங்கள், கேக் அசையாது. மறுநாள் கேக்கை எடுத்ததும் டின் அதிகம் அழுக்காக இருக்காது, சூடான தண்ணீர் மட்டும் போதும்.

குன்னூர் மாடிவீடு:

டீச்சர் சொன்ன பிறகு நேற்று வினிகர் இல்லாமல் செய்து பார்த்தேன், அதே மாதிரிதான் போகிறது. இனி அந்த வினிகர் ஊறுகாய்க்கு. கோத்தகிரி தங்கச்சி, கேக் ஆர்டர் இன்னும் எடுக்கிறீர்களா? எனக்கு ஒரு கிலோவில் இரண்டு வேண்டும், முந்திரி கொஞ்சம் தூக்கலாக.

கோத்தகிரி அடுப்படி:

எடுக்கிறேன் அக்கா. இருபதாம் தேதிக்குள் தயாராக இருக்கும்.